அடிக்கிடங்கு டெல்மர்

நேற்றிரவு தானே பூட்டிய கதவுகளை டெல்மர் ஹாகன் காலையில் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வருகிறார். பஸ் நீளத்துக்கு நிற்கும் அவருடைய கேரவனின் தரைக்கு அடியில், இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும் சாமான் அறைகளின் கதவுகள் அவை. ஒவ்வொன்றையும் திறந்து, தலையை உள்ளே விட்டு, மோந்து பார்த்து, மறுபடி பூட்டுவார். எலி வந்ததா என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் கண் என்னவோ எதிர்வரிசையில் நிற்கும் எங்கள் வண்டிகள் மீதுதான் இருக்கும்.

நாங்கள் எல்லோரும் வடக்கேயிருந்து பனிக்குப் பயந்து அரிசோனா பாலைவனத்துக்கு ஓடிவரும் கிழங்கள். நவம்பரில் வந்து இறங்கினால் ஏப்ரல் வெயில் விரட்டும்வரை இங்கேதான். டெல்மர் வடக்கு டகோட்டாக்காரர். உழைத்த காலமெல்லாம் தானியக் கிடங்கின் எடைமேடையில் நின்றவர். கோதுமையோடு ஈர மண்ணையும் சேர்த்து ஏற்றிவரும் லாரிகளைப் பார்த்தே மனிதர்களைப் படித்தேன் என்பார். முகாமின் குழாய்த் தண்ணீரை நம்பமாட்டார். ரேடியோவில் சொல்லும் வானிலையை நம்பமாட்டார். பக்கத்து வண்டி ராய்ஸ் காபி கொடுத்தால், ராய்ஸ் ஒரு வாய் குடிக்கும்வரை கோப்பையைக் கையிலேயே வைத்திருப்பார்.

அவர் முழுசாக நம்புவது ஒன்றைத்தான்: தன் வண்டியின் ஏசி. மற்ற வண்டிகளில் அது கூரைமேல் உட்கார்ந்திருக்கும். டெல்மர் வண்டியில் கீழே, சாமான் அறைகளில் ஒன்றுக்குள் இருக்கிறது. இதைப் பற்றி அவருக்கும் ராய்ஸுக்கும் தினமும் வழக்கு.

"உன் தலைக்கு மேல ரெண்டு எருமை படுத்து உறுமுது. எப்படிய்யா தூங்கற?" என்பார் டெல்மர்.

"உறுமட்டும். என் சாமான் இடம் எனக்கு முழுசா இருக்கு. நீ நல்ல அறையா பாத்து அந்த மிஷினுக்குத் தானம் பண்ணிட்டு நிக்கற. ரிப்பேர்னா மண்ணுல மல்லாந்து படுக்கணும்."

"கூரையில ஓட்டை போட்டா மழை உள்ள வரும்."

"இங்க எங்கய்யா மழை?"

"அப்படித்தான் நம்ப வைக்கறாங்க."

தானம் செய்த இடத்தை டெல்மர் விட்டுவைக்கவும் இல்லை. ஏசியைச் சுற்றி இருந்த இடுக்கிலெல்லாம் ஊறவைத்த மீன் சீசாக்கள், கிறிஸ்துமஸ் விளக்குச் சரம், பனி தள்ளும் மண்வாரி, பழைய பேட்டரி என்று காலால் உதைத்து உதைத்து அடைத்திருந்தார். அந்த அறையின் கதவை மேலே தூக்கி நிறுத்தினால் ஒரு துண்டு நிழல் விழும். அதற்குக் கீழே மடக்கு நாற்காலி போட்டு உட்காருவார். எங்கள் அரட்டையெல்லாம் அங்கேதான்.

இந்தக் குளிர்காலத்தில் அவருக்கு ஒரு புதுச் சந்தேகம் முளைத்தது. வெளியே சொல்வதெல்லாம் உள்ளே இருக்கும் மனைவி ஆர்லிஸுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. ஆர்லிஸ் அதிகம் பேசாதவள். வெளியே வந்து உட்காருவதும் அபூர்வம். ஒரு மதியம் சூப் வாயில் வைக்க விளங்கவில்லை என்று ராய்ஸிடம் டெல்மர் புலம்பினார். அன்றிரவு ஆர்லிஸ் தட்டை வைத்துக்கொண்டே, "விளங்காதது சூப் இல்ல, உன் வாய்" என்றாளாம்.

அப்புறம்தான் பெரிய விஷயம். ஜனவரியில் ஒருநாள் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது டெல்மர் சொன்னார். கண்ணில் நடுப்பார்வை போகிறது. ஓரமெல்லாம் தெரிகிறது, நேரே பார்த்தால் மங்கல். ஊரில் டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"ரோட்டோரம் மரம் தெரியுது. நேரா நிக்கிற ஆளுக்கு மூஞ்சி இல்ல," என்றார். "ஆர்லிஸுக்குத் தெரிஞ்சா வண்டிய வித்துடுன்னுவா. அப்புறம் வருஷம் பூரா நாலு சுவரு. வாயத் திறக்காத."

நான் திறக்கவில்லை. ஆனால் மறுநாளே ஆர்லிஸ், திரும்பிப் போகும்போது இருட்டில் ஓட்டாமல் பகலில் மட்டும் போகலாமே என்றிருக்கிறாள். டெல்மர் நேராக என் வண்டி வாசலுக்கு வந்தார்.

"எவ்வளவு சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல டெல்மர்."

"எடைமேடையில எல்லாவனும் இதையேதான் சொல்வான்."

அதோடு விடவில்லை. சோதனை வைத்தார். படகு எஞ்சின் வாங்கப் போவதாக ராய்ஸிடம் ஒரு பொய். பல் வலி என்று என்னிடம் ஒரு பொய். தாடி வளர்க்கப் போகிறேன் என்று கழிவுநீர் லாரி ஓட்டிவரும் கோனியிடம் ஒரு பொய். மூன்றையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார். அன்று சாப்பாட்டில் ஆர்லிஸ் மசித்த கிழங்கு வைத்தாள், பல்லுக்கு இதமாக இருக்குமாம். எஞ்சினை எங்கே வைப்பாய் என்று கேட்டாள். தாடி உனக்குப் பொருந்தாது என்றாள்.

மூன்று பேருமே துரோகிகள் என்று டெல்மர் தீர்ப்பெழுதிவிட்டார். நாற்காலியை என் வண்டிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் பேச்சில்லை. பதினோரு வருஷமாக மதியக் காபியைச் சேர்ந்து குடித்தவர்கள் நாங்கள்.

ஏப்ரலில் வெயில் ஏறியதும் ஏசியைப் போட்டார். சத்தம் வந்தது, குளிர் வரவில்லை. உள்ளே ஒரே புழுதி. மெக்கானிக்கைக் கூப்பிட மனம் வரவில்லை, கண்டவனும் உள்ளே கையை விடுவான் என்று பயம். வேறு வழியில்லாமல் ராய்ஸைக் கூப்பிட்டார். பேட்டரியைத் தூக்க ஆள் போதவில்லை என்று ராய்ஸ் என்னையும் இழுத்துவந்தார். டெல்மர் மீன் சீசாக்களை என் கையில் கொடுத்தார்.

மிஷினை நிறுத்திவிட்டுச் சாமானையெல்லாம் வெளியே எடுத்தோம். கடைசியில் தெரிந்தது. அறைக்காற்றைக் கீழே இழுக்கும் பருத்த குழாய் நசுங்கி, மேல்தரையின் வாயிலிருந்து பிய்ந்து தொங்கியது. வண்டிக்குள் சமையல் மேடைப் பக்கம் தரையில் இருக்கும் கம்பிவலைக்கும் எங்களுக்கும் நடுவே எதுவும் இல்லை. அந்த ஓட்டை வழியாக ஆர்லிஸின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ராய்ஸ் வண்டியில நாலு தடவை ஓட்டிட்டேன். திருப்பறது மட்டும் இன்னும் பயமா இருக்கு… இல்ல, அவனுக்குத் தெரியாது. கண்ணு விஷயத்த அவன் வாயால சொல்லட்டும்னு இருக்கேன். வண்டிய விக்கச் சொல்லிடுவேனோன்னு பயப்படறான். நான் எதுக்கு விக்கச் சொல்றேன்?"

ராய்ஸ் கையிலிருந்த டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணில் மண்டியிட்டிருந்த டெல்மர் கையூன்றி முன்னால் நகர்ந்தார். பிறகு தலையை அறைக்குள் விட்டார்.

"ஆர்லிஸ், போன வை. என் கண்ணு சரியில்ல."

மேலே போனை வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும்," என்றது ஓட்டை.

"உனக்குத் தெரியும்னு சந்தேகப்பட்டேன். சொல்லணும்ல. சொல்லிட்டேன்."

"சரி. மேல வா."

"குழாய ஒட்டிட்டு வரேன்."

ராய்ஸ் பிடிக்க, டெல்மர் பசைநாடாவைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டியபடி என்னைப் பார்த்தார். நேராக அல்ல, கொஞ்சம் ஓரமாக. இப்போது அவர் யாரையும் அப்படித்தான் பார்க்கிறார்.

"அப்ப நீ சொல்லல."

"இல்ல."

"சந்தேகம் சரிதான். ஆள்தான் மாறிப்போச்சு."

மன்னிப்பு அவ்வளவுதான். மதியம் காபி வந்தது.

அந்த வாரக் கடைசியில் அவர்கள் வடக்கே கிளம்பினார்கள். ஆர்லிஸ் ஸ்டியரிங்குக்குப் பின்னால், முதுகுக்குத் தலையணை வைத்து ஏறி உட்கார்ந்தாள். டெல்மர் தன் இருக்கைக்குப் போகவில்லை. வண்டிக்கு முன்னால் கீழே நின்று, தன் உயரத்துக்கு வைத்திருந்த பக்கக் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தார். பிறகு அதை மெல்ல மெல்லக் கீழ்ப்பக்கம் சாய்த்தார்.

"தெரியுதா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் சாய்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு அடுத்த கண்ணாடிக்குப் போனார்.