மியூர் சொன்ன பெயர்

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டே குளிர்காலம். ஆனால் நான் கட்டிய புகையிலைப் பீப்பாய் ஒன்றாவது கப்பலில் பிரிந்தது என்று இந்த வர்ஜீனியாக் கரையில் எவனாவது சொல்லட்டும், பார்ப்போம். நினியன் மியூரும் என்னைப்போலத்தான். பதினேழு வயதில் ஸ்காட்லாந்திலிருந்து வந்து, ஊசியும் நூலும் முதுகில் சுமந்து பண்ணை பண்ணையாக விற்று, பிறகு துறையில் கடை போட்டவர்.

சட்டசபைக்கு அவர் நின்றதே எங்கள் புகையிலைக் கிடங்குக்காகத்தான். எதிரே நின்ற பண்ணையார் ஹெய்டன் ஜெயித்தால் கிடங்கைத் தன் கரைக்குக் கொண்டுபோய்விடுவார். அப்புறம் இங்கே கப்பல் வராது. மியூரின் கடைக்கும் என் பட்டறைக்கும் பூட்டுதான்.

எங்களுக்கு ஓட்டு வாயால். நீதிமன்ற வாசலில் தேர்தலை நடத்தும் ஷெரிப் கேட்பார், நிலம் உள்ளவன் உரக்கப் பெயர் சொல்வான், பெயருக்குரியவர் எழுந்து நன்றி சொல்வார். நான் உழைத்து வாங்கியது இருபத்தைந்து ஏக்கர். என் குரலும் ஏடேறியது. வேட்பாளர் தன் ஓட்டை எதிராளிக்குப் போடுவது மரியாதை. ஹெய்டன் காலையிலேயே, "எனக்குப் பிடிச்சவரு மியூருதான்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பொழுது சாயும்போது மியூருக்கு நூற்றுப் பதின்மூன்று, ஹெய்டனுக்கு நூற்றுப் பன்னிரண்டு. மியூர் ஒருவர்தான் பாக்கி. மடியிலிருந்த தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், வாயை மூடிக்கிட்டு உக்காரு. இருட்டினா முடிஞ்சுது" என்றேன் காதோரம்.

"அந்தாளு எனக்குப் போட்டிருக்காருய்யா."

"திமிருல போட்டாரு. எப்படியும் ஜெயிச்சிருவோம்னு."

"எதுல போட்டா என்ன, போட்டாருல்ல."

எழுந்தார். "ஹெய்டன்" என்றார்.

சமம். இனி ஷெரிப்பின் ஓட்டுதான் முடிவு. அவர் ஞாயிறுதோறும் ஹெய்டன் வீட்டில் சாப்பிடுகிறவர். பட்டறையை விற்றால் எவன் வாங்குவான் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஷெரிப் ஏட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"நானா எதுக்குய்யா முடிவு பண்ணணும்? ஹெய்டன் ஐயாவே காலையில தனக்குப் பிடிச்சவரு யாருன்னு சொல்லிட்டாரே. அவரு பேச்சை நான் மீறுவனா? மியூரு."

ஷெரிப்பின் புகையிலையும் எங்கள் கிடங்கில்தான் இருந்தது. அது எனக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

மியூர் எழுந்து நன்றி சொல்லவேண்டும். கால் வரவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். அதற்குப்பின் ஒன்பது வருடம் சட்டசபையில் எழுந்து எழுந்து பேசினார். முதல் தடவை எழுப்பிவிட்டவன் நான்.