கடைசி மௌனக் கூட்டம்

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய எங்கள் பள்ளியில் தினமும் காலையில் அரை மணி நேரம் மௌனமாக உட்கார்ந்திருப்போம். தோன்றினால் எழுந்து பேசலாம். எழுந்தவரிடம் யாரும் குறுக்கே பேசக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிக் கூட்டத்தில், இத்தனை வருடங்களில் கற்றதைச் சொன்னோம். நான் எழுதி வைத்திருந்த ஐந்து வரிகளையும் வரிசையாக வாசித்தேன். அடுத்து என் தோழி எழுந்தாள், வாய் திறக்கவில்லை. வழக்கப்படி எல்லாரும் காத்திருந்தோம். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை கவரைப்பேட்டை ஸ்டேஷனில் அவளிடம் கேட்டேன்: "இன்னாடி சொல்ல வந்தே?"

"காலேஜ் வேணாம்னு நைனா மாப்ள பாத்துட்டாரு. டீச்சருங்க பேசுனா கேப்பாரு. யாராச்சும் இன்னான்னு கேப்பீங்கன்னு நின்னுக்கினு இருந்தேன். அல்லாரும் கண்ண மூடிக்கினீங்க."

"இப்ப போய் சொல்லலாம், வா."

"நாளைக்கு நிச்சயதார்த்தம்டி. இனிமே யாரு வந்து இன்னா பேசுறது?"

ரயில் வந்ததும் ஏறிக்கொண்டாள். பிறர் பேசும்வரை பொறுமையாகக் காத்திருக்கக் கற்றேன் என்பதுதான் நான் வாசித்த முதல் வரி.