பாறைமேல் வைத்துப் பேசும் பேச்சு

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். சாமை விதைக்கும் சரிவைத் தாண்டி மேலே ஒரு பாறை இருக்கிறது. போனைக் கையில் எடுத்தால் அங்கேயும் போய்விடும். பாறையின் மேட்டில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, குனிந்து கத்த வேண்டும். சுற்றிலும் அடுத்தடுத்துப் பேச வந்தவர்கள், காதில் எதுவும் விழாதது போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாம் விழும். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள் என்பது எனக்கு அங்கேதான் தெரிய வரும்.

வேலூரில் நர்சிங் படிக்கப் போன என் மகள், விடுதியில் சேர்ந்ததிலிருந்து டச் போன் வாங்கு, குரலைப் பதிந்து அனுப்பலாம் என்று என் உயிரை எடுத்தாள். பட்டன் போனில் பேசலாம், கேட்கலாம், வேறென்ன வேண்டும்? டச் போன் வாங்கினால் அந்த வருஷம் புளி விற்ற காசு மொத்தமும் போய்விடும். அதோடு விடுகிறானா போன் கம்பெனிக்காரன்? வீட்டில் துளி சிக்னல் கிடையாது, ஆனாலும் மாதாமாதம் ரீசார்ஜ் போட்டே தீர வேண்டும். இது பகல் கொள்ளை இல்லாமல் வேறென்ன?

காசைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் ஓரகத்தியின் டச் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை கம்மல் வாங்குவதைப் பற்றிப் பேசினோம். அடுத்த தடவை பாறைக்குப் போனபோது அந்தப் போனில் வரிசையாகக் கம்மல் படம்!

"அது கேட்டுக்கினே கீதுடி" என்றேன்.

"கேட்டா கேட்டுட்டுப் போவுது வுடுக்கா. நம்மகிட்ட இன்னா கீது திருட்றதுக்கு?"

"வூட்டுப் பேச்சு இல்லியா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பாறையில் இருந்தபோது மகள் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"சாப்ட்டியா? ஒடம்புக்கு இன்னா?" என்று கத்தினேன்.

"மா, பக்கத்துல யார்னா கீறாங்களா?"

திரும்பிப் பார்த்தேன். ஓரகத்தி நின்றாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை.

"கீறாங்க."

"அப்ப ஒண்ணுமில்ல மா. வச்சிர்றேன்."

ஒன்றுமில்லாததற்கா ஆள் இருக்கிறார்களா என்று கேட்டாள்? நோயா? எவனாவது ஏதாவது செய்துவிட்டானா? நேரில் போகலாமென்றால், மாதக் கடைசியில்தான் விடுதிக்குள் பெற்றவர்களை விடுவார்கள். மறுநாளே டச் போன் வாங்க பஸ் ஏறிப் போளூர் போனேன்.

கடைக்காரத் தம்பி புதுப் போனைத் திறந்ததும் அது விசாரணையை ஆரம்பித்தது. படங்களைப் பார்க்கலாமா, பேச்சைப் பதியலாமா, இருக்கும் இடத்தை அறியலாமா.

"கட்டிக்கினு வந்த ஆளே என்னை இவ்ளோ கேட்டதில்ல. வாணாம்னு அமுக்குப்பா" என்றேன்.

"குரல் அனுப்பணும்னா மைக்குக்கு மட்டும் சரின்னு குடுக்கணுங்க."

"அதுக்கு மட்டும் குடு. மத்தது எதுக்கும் வாணாம்."

டச் போன் வாங்கியாச்சு என்று தம்பி கடையிலிருந்தே மகளுக்குச் சேதி அனுப்பினான். ஊர் திரும்பிப் பாறையில் வைத்ததும் மகளின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது.

"போடுக்கா, கேக்கலாம்" என்றாள் ஓரகத்தி.

அட, என்ன ஆசை இவளுக்கு! போனை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வந்து சேர்ந்த குரலைக் கேட்க சிக்னல் வேண்டாமாம், தம்பி சொல்லியிருந்தான். கதவைச் சாத்திவிட்டுக் காதில் வைத்தேன்.

"மா, பரிட்சையில எல்லாமே போய்ட்ச்சி. டீச்சருங்க சொல்றது ஒண்ணும் புரியல மா, எல்லாம் இங்கிலீஷு. ஊர்ல அல்லாரும் இப்பவே நர்சம்மான்றாங்க. பாறையில வச்சி எப்டி மா சொல்றது? நான் வூட்டுக்கு வந்துரட்டுமா?"

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என் பிள்ளை இத்தனை நாள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாளே என்று அழுகை முட்டியது. பிறகு மைக்கை அமுக்கிப் பேசினேன். இந்தச் சனியன் இதையும் எங்கேயாவது எடுத்து வைத்துக்கொள்ளும் என்ற சந்தேகம் அப்போதும் போகவில்லை. வைத்துக்கொள்ளட்டும்.

"போனா போவுது கண்ணு. வூடு எங்கியும் போய்டல. மொதல்ல வந்து நல்லா தூங்கு. படிக்கிறதா வாணாமான்னு அப்பறம் பாத்துக்கலாம்."

அது போய்ச் சேர மறுபடி மேலே ஏற வேண்டியிருந்தது. போனைப் பாறைமேல் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் நின்றேன்.

"இன்னாக்கா, பொண்ணுகிட்ட பேசல?" என்றாள் ஓரகத்தி.

"பேசியாச்சு" என்றேன்.