போர்முனைக் கேனும் ஒரு மடக்குத் தண்ணீரும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று திதிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கும் உங்களில் அநேகம் பேர் அவர் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்திருப்பீர்கள். அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அவர் பிள்ளைகள் என்னிடம் கொடுத்தார்கள். தங்கை என்ற உரிமையில் ஒப்புக்கொண்டேன். தகுதி உண்டா என்பது வேறு விஷயம்.

அண்ணன் பிறந்தது பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் விளையும், பொய்த்தால் ஒன்றுமில்லை. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அண்ணன் லாரி ஓட்டப் பழகி, பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்தார். அவர் சம்பளத்தில்தான் நான் படித்தேன், எனக்குக் கல்யாணமும் நடந்தது.

கார்கில் போரின்போது மலையடிவாரம் வரை மண்ணெண்ணெயும் தண்ணீரும் கொண்டுபோவது அவர் வேலை. இரண்டுக்கும் ஒரே மாதிரி இரும்புக் கேன்கள்தான். தண்ணீர்க் கேனின் கழுத்தில் மட்டும் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கும். அடிவாரத்திலிருந்து வீரர்கள் அவற்றை முதுகில் சுமந்து ஏற வேண்டும். ஒருநாள் அவசரத்தில், வெள்ளைப் பெயிண்டை மட்டும் பார்த்துவிட்டு, மூடியைத் திறக்காமலே ஒரு கேனை ஏற்றி அனுப்பிவிட்டார். யாரோ மண்ணெண்ணெய் பிடித்துவிட்டுச் சரியாகக் கழுவாமல் தண்ணீர் நிரப்பிய கேன் அது. மலைமேல் திறந்தபோதுதான் நாற்றம் தெரிந்தது. அதைக் கொட்டிவிட்டுப் பனியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார்களாம்.

"கீழ எறங்கி வந்தப்ப என்னை ஒரு வார்த்த வையலட்டி அவனுவ. ஒதடு பூரா வெடிச்சுக் கெடந்துது" என்று அண்ணன் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரானாலும் முதல் மடக்கு அவர் குடித்துப் பார்த்துத்தான் அடுத்தவருக்கு விடுவார். ஓய்வு பெற்றுக் கோவில்பட்டியில் தண்ணீர் லாரி ஓட்டியபோதும் அப்படித்தான். என் மகள் கல்யாணத்தில் பந்திக்கு முன்னால் டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தவரைப் பார்த்து, "இலை போடுமுன்ன இவியளுக்கு என்ன அவசரம்?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே வாயைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் மானம் போயிற்று.

கடைசியில் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு நாளைக்கு ஒரு சிறு செம்புத் தண்ணீருக்கு மேல் கூடாது என்றார் டாக்டர். மதினிக்கு இளகிய மனசு, கேட்டால் கொடுத்துவிடுவார். ஆகவே செம்பு என் பொறுப்பில் வந்தது. குடும்பத்தில் நான்தான் கறார்க்காரி என்று பெயரெடுத்தவள்.

ஒருநாள் காலையில் வீட்டுக்குத் தண்ணீர்க் கேன் வந்தது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இருக்கிறதே ஒரு செம்பு, அதுல இதும் சேருமே!" என்றேன்.

"பேரப்புள்ளைய குடிக்கிற தண்ணிட்டி. பாக்காம எப்படி விடுதது?"

"சீல் வச்சு வருது அண்ணே. இதுல என்ன மண்ணெண்ணெயா கெடக்கப் போகுது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அண்ணன் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நானும் அப்பிடித்தாம்ட்டி நெனச்சேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சாயங்காலம் அவர், "நாக்கு ஒட்டுதுட்டி, ஒரு மடக்கு தா" என்றார். "இன்னைக்கு உள்ளதக் காலையிலயே குடிச்சாச்சு" என்றேன். செம்பில் தண்ணீர் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அண்ணன் போய்விட்டார்.

மறுநாள் அண்ணனைக் குளிப்பாட்ட மேளத்தோடு போய் நீர்மாலை எடுத்துவந்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் வந்து இறங்கியது. என் கையிலும் ஒரு குடத்தைக் கொடுத்து, "அண்ணனுக்கு ஊத்தும்மா" என்றார்கள். ஊற்றினேன். தரையெல்லாம் ஓடி வாசல் வரை போனது.

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் செவிலியருக்கும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்த தண்ணீர் லாரி நண்பர்களுக்கும், கயத்தாறு, விளாத்திகுளத்திலிருந்து வந்து தோள்கொடுத்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

"நீ டாக்டர் சொன்னதத்தானம்மா செஞ்ச" என்று மதினி இன்றைக்கும் என்னைத் தேற்றுகிறார். மதினி, உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தச் சாயங்காலம் டாக்டர் சொன்னது என் நினைவிலேயே இல்லை. காலையில் வந்த கோபம் ஆறவில்லை, அதனால்தான் கொடுக்கவில்லை.