குங்குமம் வைத்த ஆறு தோட்டாக்கள்

காகிதத் தோட்டா சுற்றுவதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் மகள். சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கல்லூரியில் அவர்கள் போடவிருந்த நாடகத்தில் அவள்தான் வெள்ளைக்கார அதிகாரி. லேத் பட்டறையில் சொல்லி ஒரு பொய் ரிவால்வர் செய்து வாங்கியிருந்தார்கள். ஆறு அறைகளும் சுழலும், சுடாது. அந்தக் காலத்து ரிவால்வருக்குப் பித்தளைத் தோட்டா கிடையாதாம். மெல்லிய தாளைச் சுண்டுவிரல் பருமனுக்குச் சுற்றி, உள்ளே கருமருந்தை அடைத்து, முனையில் ஈயக் குண்டை வைத்து ஒட்டுவார்களாம். தாளும் சேர்ந்து எரிந்துபோகுமாம்.

நான் நில அளவைப் பிரிவில் வரைபடம் வரைபவன். தாளைக் கையாளத் தெரியும். அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய டிரேசிங் தாள்களை முதுநகர் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் மாலையில் உட்கார்ந்து முப்பது தோட்டாக்கள் சுற்றினேன். மருந்துக்குப் பதில் கறுப்பு எள். அப்பாவுக்கு அமாவாசைத் தர்ப்பணம் கொடுக்க வாங்கியதில் மீந்தது. குண்டுக்குப் பதில் களிமண் உருண்டை. காதோரம் வைத்து ஆட்டினால் எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோல ஒரு சத்தம். ஒரு தோட்டாவைச் சுற்றி முடித்த பிறகுதான் அதன் மேல் என் கையெழுத்தைப் பார்த்தேன். எப்போதோ நான் எழுதிய ஒரு சொல்லின் பாதி: ‘மயா’. மயானத்தின் எல்லை வரைந்த தாள். அதைத் தூக்கிப் போடவும் மனமில்லை, சேர்க்கவும் மனமில்லை. கடைசியில் சேர்த்துவிட்டேன்.

எள் தோட்டாக்கள் மூன்றாம் காட்சிக்கு. சிப்பாய்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே போடுவார்கள். எள் படபடவென்று பொரியும். கடைசிக் காட்சிக்கு மட்டும் ஆறு நிஜத் தோட்டாக்கள் வேண்டும் என்றாள் மகள். குண்டு இல்லாமல், மருந்து மட்டும். அதிகாரி அவற்றை ஓர் இரும்புச் சட்டியில் கொட்டிவிட்டு விலகிவிடுவார், என் மச்சான் தூரத்திலிருந்து நீளக் கம்பால் பற்றவைப்பார், ஒரு பளிச், ஒரு புகை, திரை. மச்சான் என் மனைவியின் தம்பி. திருவிழாவுக்கும் சாவுக்கும் வேட்டு வைப்பவர், லைசன்ஸ் உள்ளவர்.

“மாமாவே மருந்து தர்றேன்னுட்டாருப்பா. நாங்களே ஹாஸ்டல்ல சுத்திக்கறோம்” என்றாள் மகள்.

என்னால் அவள் விரல்கள் மருந்தைத் தொடுவதை நினைக்கவே முடியவில்லை. நானே சுற்றுகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன்.

“கேஸ் அடுப்பு பத்த வைக்கவே அக்காவ கூப்புடற ஆளு நீங்க. நீங்க மருந்து சுத்தப் போறீங்களா மாமா?” என்று சிரித்தார். “ஆறுக்கு மேல ஒரு சிட்டிகை ஜாஸ்தி தர மாட்டேன், சொல்லிட்டேன்.”

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் நாடகமே வேண்டாம் என்பாள். நாடகம் நடந்த சனிக்கிழமை காலையில் அவள் திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறையும் சுற்றினேன். அவற்றை ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. பார்வைக்கு மற்ற முப்பதுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கைக்குக் கிடைத்த சிவப்பு சாமி அறையில் இருந்த குங்குமம்தான். அதைத் தொட்டு ஆறுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்து, இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிவிட்டுக் குளிக்கப் போனேன்.

வெளியே வந்தபோது அவள் கோயிலிலிருந்து திரும்பி என் பையைக் கட்டி வைத்திருந்தாள். முப்பதும் முடிச்சுப் போட்ட துணிப்பையில். பக்கத்தில் டப்பா. “எல்லாம் எடுத்து வச்சிட்டேன். பஸ்ஸ வுட்டுடாதீங்க” என்றாள்.

சிதம்பரம் போகும்வரை டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

“உள்ள என்னங்க, கோழிக்குஞ்சா?”

“சாப்பாடு” என்றேன்.

அரங்கத்தில் மகளிடம் துணிப்பையைக் கொடுத்தேன். மீசை ஒட்டியிருந்தாள். ஒரு கணம் யாரோ என்று இருந்தது. மச்சான் மேடையின் ஓரத்தில் சட்டியும் தண்ணீர் வாளியுமாக நின்றார். ஆறு மணிக்கு நாடகம் தொடங்கியது. இரண்டாம் காட்சி முடிகிற சமயம் டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மாமா, இது எலுமிச்சம்பழ சாதம்.”

மேடையில் நெருப்பு மூட்டிவிட்டார்கள். துணிப்பை பிரிந்து மகளின் காலடியில் கிடந்தது. ஒரு சிப்பாய் ஒரு தோட்டாவை எடுத்து விளக்கொளியில் தூக்கிக் காட்டினான். அதன் மேல் குங்குமப் பொட்டு. அடுத்தவன் எடுத்ததிலும் பொட்டு. பை முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது.

புதிதாக எது வீட்டை விட்டுக் கிளம்பினாலும் என் மனைவி பொட்டு வைப்பாள். பரீட்சைப் பேனாவுக்கு, ஹெல்மெட்டுக்கு, ஒரு முறை என் புதுச் செருப்புப் பெட்டிக்குக்கூட வைத்திருக்கிறாள். இது எனக்குத் தெரியாததா? டப்பாவில் இருந்த ஆறும் இந்தப் பையில்தான் கலந்திருக்க வேண்டும்.

முதல் தோட்டா நெருப்பில் விழுந்தது. படபடவென்று பொரிந்தது. கூட்டம் சிரித்தது. இரண்டாவதும் பொரிந்தது. மூன்றாவதை மகள் கையில் எடுத்தாள். நான் மேடையில் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. அவள் கையிலிருந்ததைப் பிடுங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடினேன். அதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

பையை அப்படியே வாளித் தண்ணீரில் கவிழ்த்தேன். “என்னப்பா ஆச்சு?” என்று மகள் பின்னாலேயே வந்தாள். மீசை பாதி தொங்கியது. மச்சானும் நானும் ஒவ்வொன்றாகப் பிய்த்தோம். எள். மறுபடி எள். தண்ணீர் முழுக்க எள் மிதந்தது. பிய்த்தது இருபத்தெட்டு, நெருப்பில் போனது இரண்டு. முப்பதும் எள்.

“அப்ப அந்த ஆறு எங்க மாமா?” என்றார் மச்சான். அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மனைவிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாவது முறை எடுத்தாள்.

“டப்பால இருந்த ஆறு எங்க?”

“அதுவா? நீங்களே பொட்டு வச்சிருந்தீங்க. ஆறு மட்டும் சாமிக்கின்னு எடுத்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். மத்ததுக்கு நான் வச்சி அனுப்பிட்டேன். சாதம் கட்ட அந்த டப்பாதான் சரியா இருந்துது.”

“ஆறும் எங்க இருக்கு?”

“வெளக்குகிட்ட.”

“ஏத்திட்டியா?”

“மணி என்ன ஆவுது? ஏத்தாம இருப்பனா?”

வெளியே வா, எதையும் தொடாதே, அது மருந்து, உன் தம்பி கொடுத்த வேட்டு மருந்து என்று கத்தினேன். அவள் சாமி அறைக்குப் போகும் காலடி கேட்டது.

“ஒன்னு சாஞ்சி அகல் மேல கெடக்குது” என்றாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “தாள்ல எண்ண ஏறியிருக்கு.”

“வெளிய வாடி!”

போனைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. வீட்டின் சத்தம் மட்டும் கேட்டது: ஃபேன், தெருவில் ஒரு ஹாரன், ஒரு பல்லி. நான் இல்லாத என் வீட்டை அப்படிக் கேட்டது அதற்கு முன் இல்லை. மகள் என் கையைப் பிடித்திருந்தாள். தண்ணீரில் ஏதோ விழுகிற சத்தம். ஒன்று. இரண்டு. எண்ணினேன். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே இடைவெளி நீண்டது.

“போட்டுட்டேன்” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நாடகம் அதன் பிறகு நடந்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து முதுநகர் வந்தேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல்நுனிகள் இரண்டு சிவந்திருந்தன. கதவு விரியத் திறந்து கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். யார் கேட்டது, எங்கிருந்து வந்தது, எப்போது சுற்றினேன், ஏன் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் கேட்டாள்.

“ஆறுதானா?”

“ஆறுதான்.”

“வேற எங்கயும் எதுவும் வைக்கலயே?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல.”

தலையை ஆட்டினாள். எழுந்து உள்ளே போனாள். சமையலறை லைட் எரிந்தது. அவள் டப்பாக்களைத் திறந்து பார்க்கத் தொடங்கினாள். துவரம்பருப்பு, கடுகு, மிளகு, டீத்தூள். ஒவ்வொரு மூடியாகத் திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் வாசல்படியில் இருந்த எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.