பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய் சித்தி

எங்கள் வீட்டில் யாரும் சம்பளத்தை உள்ளது உள்ளபடி சொன்னதில்லை. அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். வருமானம் எப்படி என்று சொந்தக்காரர்கள் கேட்டால், நல்லா ஓடுது என்பார். கைமாற்று கேட்டு வருகிறவர்களிடம், எங்க ஓடுது என்பார். அம்மா கேட்டால் பதிலே வராது. ஆட்டோ என்னவோ மூன்று பேருக்கும் ஒரே மாதிரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில் நான் ஒருத்தி, தப்பான பதிலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாதவளாகப் பிறந்திருந்தேன். நல்ல குணம் என்று இதைச் சொல்லவில்லை. டீச்சர் கூட்டலைத் தப்பாகப் போட்டால் எழுந்து நின்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். இன்றைக்கு ஒரு தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு மாதாமாதம் சம்பளமே தருகிறார்கள். சின்ன வயதில் அதே வேலையை இலவசமாகச் செய்துவிட்டு, முதுகில் வாங்கிக்கொண்டும் இருந்தேன்.

அதில் நான் அதிகம் வாங்கிக்கொண்டது சித்தியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான். அப்போது எனக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் செய்யாறு பக்கத்திலிருந்து வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். போன் சார்ஜர் செய்கிற கம்பெனியில் சேர்ந்து, நாலே வருஷத்தில் முப்பது பேரைக் கட்டி மேய்க்கும் லைன் லீடர் ஆனாள். காலையில் ஊர் முனையில் வெள்ளை பஸ் வந்து நின்று ஒரு ஹாரன் அடிக்கும். சித்தி ஒரு கையில் டிபன் பாக்ஸும் ஒரு கையில் சீப்புமாக ஓடுவாள். ஓ.டி., நைட் ஷிப்டு படி, லீவே போடாமல் வந்ததற்கான போனஸ் எல்லாம் சேர்த்து அவள் கைக்கு வந்தது பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய்.

அந்தத் தொகை பெரியதா சின்னதா என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது. பக்கத்து வீட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த திருநெல்வேலிக்கார அண்ணன்களுக்கு அதில் பாதிதான் சம்பளம். "ஒங்க சித்திக்கு என்னம்மா, மகாராணில்லா!" என்பார்கள். தொழிற்பேட்டைக்கு நிலம் விற்றுவிட்டு புல்லட்டில் சுற்றிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரரோ, எனக்கு பெட்ரோலுக்கே பத்தாது என்பார். அப்பாவுக்கு அது பேசக்கூடாத தொகை. ஏனென்றால் ஆட்டோ நல்லா ஓடின மாதத்தில்கூட அவ்வளவு தூரம் ஓடவில்லை. எனக்கு அது ஆயிரத்து இருநூற்று நாற்பது கிரீம் பிஸ்கட் பாக்கெட். அண்ணன்களில் ஒருவர் தன் போனில் போட்டுச் சொன்ன கணக்கு அது.

முதலில் வந்த ஒரு வரன் இந்தத் தொகையைக் கேட்டதோடு திரும்பிப் போய்விட்டது. மாப்பிள்ளையைவிடப் பெண்ணுக்கு அதிகம் என்றால் சரிப்படாது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அதனால் பென்னலூர் மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள் என்றதும், ஒரு சாயங்காலம் அப்பா சித்தியின் சம்பளத்தை ஆறாயிரமாகக் குறைத்தார். அதிகாரிகள்கூட இவ்வளவு சுலபமாக ஒருத்தர் சம்பளத்தில் கை வைத்திருக்க மாட்டார்கள்.

சித்தி, "எதுக்கு மாமா கம்மியா சொல்லணும்? நான் இன்னா திருடிகினா வந்தேன்?" என்று கேட்டாள்.

"மொதல்ல தாலி ஏறட்டும்மா. அப்பாலிக்கா மெதுவா சொல்லிக்கலாம்."

அம்மாவும் அதுதான் சரி என்றாள். இரண்டாவது வரனும் போய்விட்டால் ஊர் என்ன பேசும் என்று அம்மாவுக்குப் பயம். சித்தி மறுநாளைக்கான யூனிபார்மை இஸ்திரி போடப் போய்விட்டாள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ஆறாயிரம் என்று சொல்லி வைத்தார்கள். தரகருக்குச் சொன்னார்கள், திருநெல்வேலி அண்ணன்களுக்கும் சொன்னார்கள். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. குழந்தைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் சித்திக்கு என் படிப்பின் மேல் திடீரென்று அக்கறை வந்தது. கம்பெனியில் டீ இடைவேளைக்கு ஆளுக்கொரு கிரீம் பன் கொடுப்பார்கள். அதைச் சாப்பிடாமல் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வருவாள். பன்னை ஜன்னல் மேல் வைத்துவிட்டு என் கணக்கு நோட்டைத் திறப்பாள். 'எண்ணை எழுத்தால் எழுதுக' என்று மேலே எழுதி, கீழே 'சித்தியின் சம்பளம் ரூ.12,400' என்று போடுவாள். நான் அதை எழுத்தில் எழுத வேண்டும். முதல் நாள் 'நாணூறு' என்று எழுதினேன். பன் பாதிதான் கிடைத்தது. இரண்டாம் நாள் பன்னிரண்டில் ஒரு ன் குறைந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு பிழை கிடையாது. சித்தி சிவப்புப் பேனாவில் பெரிதாக டிக் போட்டு, கீழே 'நன்று' என்றும் எழுதுவாள். பிறகு வாயாலும் சொல்லச் சொல்வாள்.

"யார் தப்பா சொன்னாலும் நீ கரெக்டா சொல்லணும், இன்னா?"

சரி என்றேன். ஒரு முழுப் பன்னுக்கு நான் எதையும் கரெக்டாகச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், தரகர், நாலே பேர். மாப்பிள்ளை கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் வேலை செய்தார். அவர் அம்மாவுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. சேலையின் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாததால் தாய்மாமன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். பென்னலூரில் எட்டு ரூம் கட்டிக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர். எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததுமே சுவரைத் தட்டிப் பார்த்தார்.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. சித்தி காபித் தட்டோடு வந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். எனக்கு அம்மாவின் பக்கத்தில் இடம் கிடைத்திருந்தது. தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளைக்கு மாதம் பதினோராயிரம் என்று ஆரம்பித்தார். அப்பா தலையை ஆட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு இன்னா வருது தம்பி?" என்று கேட்டார்.

"அது ஏதோ ஒரு ஆறாயிரம் வாங்குதுங்க. வூட்ல சும்மா இருக்க வேணாமேன்னு போய்கினுகீது" என்றார் அப்பா.

நான் எழுந்து நின்றேன். வகுப்பில் எப்படி நிற்பேனோ அப்படியே கையைக் கட்டிக்கொண்டு, "தப்புப்பா. பன்னிரண்டாயிரத்து நானூறு" என்றேன்.

பஜ்ஜி மெல்கிற சத்தம்கூட நின்றுபோனது. அம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். குழந்தை பள்ளிக்கூடத்துக் கணக்கைச் சொல்லுது என்று சிரித்து, என் தொடையில் யாருக்கும் தெரியாமல் ஒரு கிள்ளு கிள்ளினாள். கிள்ளினதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் பதிலைத் தப்பு என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே ஓட்டமாக உள்ளே போய்க் கணக்கு நோட்டை எடுத்து வந்து, அவர்கள் நடுவில் விரித்து வைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது. நோட்டை எடுத்து மகனிடம் நீட்டி, "இன்னாடா எழுதிக்கீது?" என்று கேட்டார். அவர் வாங்கி நிதானமாக, "சித்தியின் சம்பளம், பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய்" என்று வாசித்தார். பக்கத்தைத் திருப்பி அடுத்ததையும் வாசித்தார். அதுவும் அதேதான். ஐந்து பக்கம் ஐந்து தடவை. கடைசியில் "நன்று" என்பதையும் விடாமல் வாசித்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக எந்தப் போலீஸ்காரரிடமும் மாட்டாத மனிதர், பெற்ற மகளிடம் மாட்டிக்கொண்டார்.

தாய்மாமன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். எட்டு ரூம் வாடகை வாங்குகிறவருக்குப் பன்னிரண்டாயிரம் ஒரு பணமே இல்லை. ஆனால் அது ஒரு பெண்ணின் கைக்கு வருகிறது என்றதும் அவருக்கு அது பெரிய பணமாகிவிட்டது. "பையனுக்கு மேல பொண்ணு வாங்கினா, நாளைக்கு வூட்ல யார் பேச்சு எடுபடும்?" என்று கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அம்மாவின் முகம் வெளிறிப்போனது. நம்மால் சித்தியின் கல்யாணம் நின்றுவிட்டது என்பது வரைக்கும் எனக்கும் புரிந்துவிட்டது.

மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்கவில்லை. நோட்டை மூடி என்னிடமே கொடுத்தார்.

"எனக்குப் பதினொன்னு இல்லீங்க. எட்டரைதான். பஸ்ஸுக்கு ஒரு காசு, கேன்டீன் சோத்துக்கு ஒரு காசுன்னு போட்டு தரகர் ஏத்திட்டாரு" என்றார். கதவுப் பக்கம் பார்த்துத்தான் சொன்னார்.

தரகர் விட்டத்தைப் பார்த்தார். சோற்றையும் பஸ்ஸையும் சம்பளத்தில் சேர்த்துச் சொல்வது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தரகர்களுக்குச் சாதாரணம். மாப்பிள்ளை என்றால் கூட்டுவார்கள், பெண் என்றால் கழிப்பார்கள். பெரிய கணக்கு வாத்தியார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் மாப்பிள்ளையின் அம்மா வேறு ஏதோ யோசனையில் இருந்தார். பிறகு கதவோரம் நின்ற சித்தியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். சித்தி வந்து உட்கார்ந்தாள்.

"பன்னெண்டாயிரம்னா ஓ.டி. நெறைய பாப்ப இல்ல? நின்னுகினேதான் வேலையா?"

"ஆமாங்க. லைன்ல உக்கார முடியாது."

"கால் வலிக்குமே தாயீ" என்றார் அவர்.

அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் சித்தியைக் கேட்டதில்லை. நாங்கள் எல்லோரும் அந்தத் தொகையைப் பெரியது சின்னது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாவுக்கு அது நின்ற நேரமாகத் தெரிந்திருக்கிறது. சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா போய் இன்னொரு தட்டில் கேசரி கொண்டுவந்து வைத்தாள். தாய்மாமன் வாசல் வரை போனவர், யாரும் பின்னாலேயே வரவில்லை என்று தெரிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.

அவர்கள் போன பிறகு எனக்கு முதுகில் நன்றாக விழுந்தது. அப்பா அடிக்கவில்லை, அம்மாதான். அப்பா ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். நான் மூலையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தபோது சித்தி வந்தாள். அவள்தான் அதிகம் கோபப்படப் போகிறாள் என்று முகத்தை மூடிக்கொண்டேன். அவள் என் கையை விலக்கி, மடியில் இரண்டு முழு கிரீம் பன்னை வைத்தாள். ஒன்று சனிக்கிழமை கம்பெனியில் கொடுத்தது, கொஞ்சம் காய்ந்திருந்தது; இன்னொன்று கடையில் வாங்கியது. என் தலையைத் தடவிக்கொண்டே, தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். பதில் சரியாக இருந்ததால் கொடுக்கிறாள் என்று நினைத்து அழுகையை நிறுத்திச் சாப்பிட்டேன்.

இரண்டு நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்மதம் வந்தது, அடுத்த மாதமே பென்னலூரில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் நிச்சயத்துக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு வந்து இரண்டு பந்தியில் சாப்பிட்டார். சித்தி வேலையை விடவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் ஷிப்டு முடிந்து வந்தால், சித்தப்பாதான் வெந்நீர் வைத்து இரண்டு பேருக்கும் கால் ஊற வைக்கக் கொடுப்பார். அவருடைய சம்பளம் பிறகு சித்தியைத் தாண்டியது, ஒரு தடவை கம்பெனி மூடியபோது ஒன்றுமே இல்லாமலும் இருந்தது. அந்த வீட்டில் அதை யாரும் கூட்டியோ குறைத்தோ வெளியே சொல்லி நான் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். சித்தியின் கடைசிப் பையன் இரண்டாம் வகுப்பு. அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடு என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். எண்ணை எழுத்தால் எழுது என்று சொல்லி, பழைய ஞாபகத்தில் 12,400 என்று போட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா, எங்களுக்கு ஆயிரமே இன்னும் வர்ல. அதெல்லாம் பெரிய கிளாஸ்ல" என்றான். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். எனக்கும் இரண்டாம் வகுப்பில் ஆயிரம் வந்திருக்காது.

குவாலிட்டி பிரிவில் வேலை செய்கிறவள் இதைக் கண்டுபிடிக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எழுந்து சமையலறைக்குப் போனேன். சித்தி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் எதற்காக எனக்கு அந்தக் கணக்கை அத்தனை தடவை எழுதச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கேள்வி எப்போதாவது வரும் என்று எதிர்பார்த்தவள் போலத்தான் பதில் சொன்னாள்.

"ஆறாயிரம்னு சொல்லிக் கட்டிகினா, மாசாமாசம் மீதி ஆறாயிரத்து நானூற எங்கடி கொண்டு போய் ஒளிச்சு வெப்பேன்?"

"அதுக்கு நான்தான் கெடச்சேனா? அடி வாங்கினது நானு!"

"அதான் ரெண்டு பன்னு குடுத்தேனே" என்றாள் சித்தி.