பத்தொன்பது பட்டைகள்

“கார்டக் காட்டு. மூஞ்சியக் காட்டு. ஏறு.”

பாகலூர் சாலையில் கம்பெனி பஸ்ஸின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று மாதேஸ்வரன் ஆள் எண்ணுகிறார். காலை ஐந்தே முக்கால். ஓசூர்க் குளிருக்கு மஃப்ளர் காதை மூடியிருக்கிறது. எண்ணும்போது உதடு அசையாது. கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடும். நடுவில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. எண்ணி முடித்த பிறகு, கேட்டவனே மறந்துவிட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வார்.

கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அவர்தான் சூப்பர்வைசர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டுவார். இந்தியில் கெஞ்ச மட்டும் தெரியும். வராதவன் கார்டை வந்தவன் கொண்டுவந்து காட்டும் தில்லுமுல்லு அவரிடம் பலிக்காது. “கார்டு வந்தா ஆளு வந்தமாரி ஆயிடுமா?” என்று ஒரு சத்தம் போடுவார். பஸ்ஸே அடங்கிவிடும். இப்போதெல்லாம் அவர் அதைச் சொல்வதில்லை. காரணம் எனக்குத் தெரியும். நான் பக்கத்து வீட்டுக்காரன். போன மே மாதம் அவர் குடும்பம் சுற்றுலா போன வேனில் நானும் இருந்தேன்.

எல்லையைத் தாண்டி கர்நாடகப் பக்கம் ஒரு ரிசார்ட். பெரிய கூரைக்கு அடியிலேயே சறுக்கு, அலை, அருவி எல்லாம் வைத்திருக்கிறார்கள். முதலில் போக ஆசைப்பட்டவர் மங்கம்மா, மாதேஸ்வரனின் அண்ணி. அண்ணன் இறந்து பல வருடமாகிறது. உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறார். கொழுந்தன் ஐ.டி.ஐ. படித்த இரண்டு வருடமும் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டே வேலைக்குப் போனவர். பண்ணையில் யாரோ செல்போனில் காட்டியிருக்கிறார்கள். “கட்டடத்துக்குள்ளயே மழ பேயுமாமே, தம்பி? அத ஒருவாட்டி பாக்கணும்” என்றார்.

அண்ணி கேட்டு மாதேஸ்வரன் மறுத்ததில்லை. தங்கைகள், மச்சான்கள், பிள்ளை குட்டிகள், வீடியோ எடுக்க நான் என்று மொத்தம் பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டோம். மங்கம்மா விடியுமுன் எழுந்து ஒரு அண்டா புளிசோறு கிளறிக்கொண்டு வந்தார்.

வாசலில் அண்டாவை நிறுத்திவிட்டார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாதாம். வேனோ எங்களை இறக்கிவிட்டு வேறு சவாரிக்குப் போய்விட்டது. எல்லோரும் அண்டாவைப் பார்த்தோம், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் இருக்கிறேன் என்று ஒரு வாய் சொல்லவில்லை.

“அண்ணி, நீ செத்த இங்கயே ஒக்காரு. அரமணி நேரத்துல ரேவதிய அனுப்பி மாத்தி விடறன்.” என்றார் மாதேஸ்வரன். ரேவதி அவர் மனைவி. மங்கம்மா சரியென்று வாசலருகே புங்கமரத்தடியில் உட்கார்ந்தார். படமெடுக்கட்டும் என்று தன் செல்போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார். டிக்கெட்டுக்கு அடையாளமாக ஆளுக்கொரு நீல ரப்பர் பட்டையைக் கையில் மாட்டிவிட்டார்கள். அண்ணியின் பட்டையை மாதேஸ்வரன் தன் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

உள்ளே நான் பார்த்த மாதேஸ்வரன் வேறு ஆள். வாடகைக்கு எடுத்த அரைக்கால் சட்டையும் தொப்பையுமாகச் சறுக்கில் வந்து விழுந்தார். அலை வந்தபோது “ஐயோ, என்னப் புடிங்கடா!” என்று கத்தினார். மணிக்கொரு தரம் கூரைக் குழாய்களிலிருந்து மழை கொட்டியது, பாட்டுப் போட்டார்கள், ஆடினோம். மதியம் உள்ளேயே கடையில் வாங்கித் தின்றோம். அரைமணி நேரம் போனது தெரியவில்லை என்று எழுதினால் பொய். எனக்கு ஒருமுறை நினைவு வந்தது. ரேவதி போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி சறுக்கில் ஏறினேன். ரேவதியிடம் அவர் சொல்லவே இல்லை.

மாலை ஐந்து மணிக்குப் பின்பக்க வாசல் வழியாக வெளியே விட்டார்கள். வேனும் அங்கேயே வந்து நின்றது. பட்டைகளைத் திருப்பித் தர வேண்டும். மாதேஸ்வரன் வாங்கி மேசையில் வரிசையாக வைத்தார். கைகளிலிருந்து பதினெட்டு, பையிலிருந்து ஒன்று. கட்டைவிரல் கணுக்களில் ஓடி நின்றது.

“பத்தொம்போது. கரெக்டு. ஏறு, ஏறு.”

அத்திப்பள்ளி தாண்டும்போது ரேவதி திரும்பி, “பசிக்குது. அந்தப் புளிசோத்த எடுங்க” என்றாள். சீட்டுக்கடியில் தேடினோம், பின்னால் தேடினோம். அண்டா எங்கே என்று கேட்ட பிறகுதான் அண்ணி எங்கே என்று ஒரு குரல் வந்தது. சோற்றைத்தான் முதலில் தேடினோம். எழுதவே கூசுகிறது.

வேன் திரும்பிப் போனபோது அதே மரத்தடியில் அதே இடத்தில் மங்கம்மா உட்கார்ந்திருந்தார். சோறு கெட்டுவிடும் என்று காவலாளிகளுக்குப் போட்டிருக்கிறார். வேனைக் கண்டதும் எழப் பார்த்தார். கால் மரத்துப்போய் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“எழுந்து உள்ள வந்து கேக்கக்கூடாதா, அண்ணி?” என்றார் மாதேஸ்வரன். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

“மாத்தி விடறன்னு சொன்னியே. நான் எழுந்து போய்ட்டா நீ வந்து தேடுவ இல்ல? ஒண்ணுக்குக்கூட போவல, தம்பி.” மங்கம்மா கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பிறகு ஆசையாகக் கேட்டார்: “உள்ள நெசமாவே மழ பேயுதா?”

மாதேஸ்வரன் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் பஸ்ஸில் ஒருவன் இன்னொருவனின் கார்டோடு வந்தான். மாதேஸ்வரன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம். அதே கூட்டம், அதே வேன். மாதேஸ்வரன் கதவருகே நின்றார். மங்கம்மா எல்லோருக்கும் முந்திக்கொண்டு போய், வளையலை மேலே தள்ளிவிட்டு, வெறும் மணிக்கட்டை அவர் முன் நீட்டினார்.

“பட்ட இல்ல, தம்பி. ஏறலாமா?”

வேனே சிரித்தது. மங்கம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மாதேஸ்வரன் நிமிரவில்லை. அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எண்ணவும் மாட்டாமல், விடவும் மாட்டாமல் நின்றார்.